படத்துக்குள் இருந்த பேரு

— நீ அனுப்புன வெப் பக்கத்தத் தொறந்தேன் சித்ரா. என் போன் என்ன படிச்சுது தெரியுமா? "படம். பட்டன். பட்டன்." அம்புட்டுதான். பாப்பா காதுகுத்துக்கு இதுதான் அழைப்பா?

— எடுத்ததும் சண்டையாண்ணே? கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போயி நானே செஞ்ச மொதப் பக்கம் அது. எங்க குன்னம் ஊரே பாத்துட்டு நல்லாருக்குன்னுது.

— குன்னத்துக்குக் கண்ணு இருக்கு. வேப்பந்தட்டையில ஒருத்தனுக்கு இல்ல.

— ஆரம்பிச்சிட்டியா.

— ஆரம்பிப்பேன். ஒன் வூட்டுக்காரர் பருத்திக்கு நான் மருந்தடிக்கப் போயி, டேங்க் வெடிச்சுத்தானே என் கண்ணு போச்சு? இப்ப தாய்மாமன் பேரப் போடக்கூட மனசு வரல. குருடன் மடியில புள்ளைய உக்கார வெச்சா ஊசி தப்பிடும்னு பயமா?

— வாய் இருக்குன்னு பேசாத. அருள்முருகன்னு ஒம் பேரு அந்தப் படத்துலயே இருக்கு.

— நீ படிச்சியா?

— அழைப்புக் கார்ட எங்க வூட்டுக்காரருதான் அச்சாபீஸ்ல குடுத்து வாங்கியாந்தாரு. கார்ட அப்படியே போட்டோ எடுத்து ஒட்டுனேன். அதுல இல்லாம ஒம் பேரு எங்க போவும்?

— அந்தப் படத்துக்குள்ள இருக்கற எழுத்து என் போனுக்குத் தெரியல. திருச்சியில ஆறு மாசம் இதத்தான் கத்துக்கிட்டேன், எங்கிட்ட கதை விடாத. எழுத்தாவே அடி.

— இப்பவா? வாசல்ல வெந்நி அடுப்பு எரியுது.

— இப்பத்தான். இல்லன்னா புதன்கிழமை நான் வரல. மடிக்கு வேற ஆளப் பாத்துக்க.

— லேப்டாப்பத் தொறந்துட்டேன். சொல்லித் தொலை.

— பக்கத்தோட மொழி என்னன்னு போட்டிருக்க?

— தன்னால இங்கிலீஷ்னு வந்துச்சு. விட்டுட்டேன்.

— தமிழ்னு மாத்து. இல்லன்னா போன் தமிழக் கடிச்சுத் துப்பும். "காதணி விழா"வத் தலைப்புன்னு குறி.

— பெருசா, செவப்பா போட்டிருக்கேனே!

— செவப்பு எனக்கெதுக்குடி? குறிச்சு வெச்சாத்தான் போன் தலைப்புக்குத் தலைப்பு தாவும். பட்டனுக்கும் பேரு வை.

— ஒண்ணு மண்டபத்துக்கு வழி. ஒண்ணு எங்களுக்குப் போன் பண்ண. வெச்சாச்சு சாமி. போதுமா?

— கார்டப் பாத்து வரி வரியா அடி. சத்தமா சொல்லிக்கிட்டே அடி.

— புதன்கிழமை, காலை ஒம்போது மணி. பெரம்பலூர். தாய்மாமன்...

— ஏன் நிறுத்திட்ட?

— அண்ணே.

— படி.

— நம்ம பெரியப்பா மவன் சிங்காரவேலு பேரு போட்டிருக்கு.

— சரிதான். ரெண்டு கண்ணு இருந்தும் நீ படிக்கல. வெக்கிறேன்.

— வெக்காத! அண்ணே, ஒன் காலுல வுழறேன், லைன்லயே இரு. ரெண்டு நிமிஷம்.

— எங்கடி போன? யாரு கத்துறா அங்க?

— வந்துட்டேன். அந்தப் படத்தையும் தூக்கிட்டேன். இப்பப் பக்கத்தத் திரும்பத் தொற.

— எதுக்கு? சிங்காரவேலு பேரக் கேக்கவா?

— தொறங்கறேன்ல!

— "தலைப்பு, காதணி விழா." ம். "தாய்மாமன், வேப்பந்தட்டை அருள்முருகன்." அடியே, கார்டுல வேற பேருல்ல இருக்கு? ஊருக்குள்ள குடுக்கும்போது மாப்ள என்ன சொல்லுவாரு?

— குடுக்க ஒரு கார்டு இல்லண்ணே. மொத்தக் கட்டும் வெந்நி அடுப்புல எரியுது, கத்தி ஓஞ்சு அவரு நின்னு பாத்துக்கிட்டுதான் இருக்காரு.