அதே தட்டு

— டம்ளரைக் கீழ வெக்காதீங்க மாமா. கையிலயே புடிங்க. நடுங்குதான்னு பாக்கோணும்.

— பாரு ஜெர்ரி, நல்லாப் பாரு. விளிம்பு முட்ட டீயை ஊத்திக் குடுத்திருக்கற. ஒரு சொட்டு சிந்துச்சா?

— ரைட்டு, சிந்தல. அதுக்காக அக்காளை உடனே லாரியில ஏத்தி அனுப்பிச்சிருவோம்னு நெனைக்காதீங்க. தவக்காலத்துல குடியை உடறதும், ஈஸ்டர் பிரியாணியோட புடிக்கறதும் உங்களுக்குப் புதுசுங்களா?

— இந்தத் தடவை ஈஸ்டர் போயி, மாதா தேரும் போயிருச்சு மாப்ள. ஆட்டையாம்பட்டியில யாரை வேணா கேளு. லாசரு கடைப்பக்கம் தலை காட்டுனானான்னு கேளு.

— கேட்டாச்சு.

— கேட்டுட்டியா?

— கேக்காம உங்களை மோகனூர் எல்லைக்குள்ள உட்டிருப்பனா? உங்க ஓனர்கிட்டயும் விசாரிச்சேன். சுத்தமா இருக்கறான்னு சொன்னாரு. எப்புடி உட்டீங்கங்கறதை என்கிட்டச் சொல்ல வேண்டாம், அவகிட்டச் சொல்லுங்க. அக்கா, கதவைப் புடிச்சுக்கிட்டு எத்தனை நேரம் நிப்ப? வந்து உக்காரு.

— நிக்கறேன். சொல்லட்டும்.

— சோபி... எளைச்சுப் போயிட்ட.

— அதைக் கேக்கலீங்க.

— சரி. இந்தத் தடவை சத்தியம் ஒண்ணும் பண்ணல சோபி. பண்ணுன சத்தியமெல்லாம் என்ன ஆச்சுன்னு உனக்கே தெரியும். இது சின்ன சமாச்சாரம். சொன்னா சிரிப்ப.

— சிரிச்சு நாளாச்சுங்க. சொல்லுங்க.

— சாயந்தரம் வண்டியை நிறுத்துனதும் நாக்கு கேக்கும். கால் தானாக் கடைப்பக்கம் திரும்பும். அப்ப மரக்கட்டையை எடுத்துக்கிட்டு டயரைத் தட்டுவேன். காத்து இருக்கற டயரு ணங்குன்னு சொல்லும். எறங்குனது தொப்புங்கும். காதை அதுலயே வெச்சுக்கிட்டு வண்டியை ஒரு சுத்து வந்தா, கேட்ட நாக்கு அடங்கிரும். அடங்கலீன்னா இன்னொரு சுத்து. அவ்வளவுதான். தெனமும் அதேதான்.

— அதை முந்தியும் செய்வீங்களே மாமா! நிக்க முடியாம வந்தாக்கூட, டயரைத் தட்டாம ஊட்டுக்குள்ள கால் வெக்க மாட்டாருன்னு அக்காளே சொல்லியிருக்கறா.

— அது கிளீனரா இருந்த காலத்துல கையில ஊறுனது ஜெர்ரி. அப்பத் தட்டிட்டு ஊட்டுக்குள்ள போவேன். இப்பக் கடைக்குப் போகாம இருக்கறதுக்குத் தட்டறேன். அதே கட்டை, அதே தட்டு. புதுசா ஒண்ணு பழகறதைவிட, இருக்கறதைத் திருப்பி உடறது சுளுவா இருந்துச்சு.

— கோவத்துக்கு?

— என்ன சோபி?

— எல்லாம் குடிச்சுட்டு வந்தா பண்ணுனீங்க? அந்தப் பொங்கல் அன்னிக்கு ஒரு சொட்டுகூடக் குடிக்கலீங்க.

— கோவத்துக்கும் அதேதான். மாப்ள, ஓனரு உன்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?

— சொன்னாரு, சொன்னாரு. லோடு லேட்டாயிருச்சுன்னு இவரை வாய்க்கு வந்தபடி பேசிக்கிட்டிருந்தாராம் அக்கா. இவரு பதில் சொல்லாம எந்திரிச்சுப் போயி டயரைத் தட்டிட்டு வந்து, "இப்பப் பேசுங்க"ன்னாராம். பைத்தியம் புடிச்சிருச்சோன்னு அந்தாளு பயந்துட்டாரு.

— பாத்தியா சோபி? உதடு கொஞ்சம் அசைஞ்ச மாதிரி இருந்துச்சே. சரி, ஏன் மொட்டைக் கையா நிக்கற? வளையல் போடறதில்லியா?

— இங்க வந்ததுல இருந்து போடலீங்க.

— முந்தியும் உன்ற கையில பாத்ததா நெனப்பு இல்ல.

— நீங்க பாக்கற நேரத்துல அது கையில இருக்காது. காலைல நீங்க கெளம்புனதும் மாட்டுவேன். உள்ள வாரதுக்கு முந்திக் கழட்டி அரிசி டப்பாவுல போட்டுருவேன்.

— அரிசி டப்பாவுலயா? எதுக்கு?

— இந்தத் தழும்பைப் பாருங்க. நீங்க புடிச்சு முறுக்குனப்பக் கண்ணாடி வளையலு ஒடைஞ்சு உள்ள ஏறுச்சு. தையல் போட்டவங்ககிட்ட, வாசல்ல வழுக்கி உழுந்துட்டேன்னு சொன்னேன்.

— அன்னிக்கு என்னமோ புத்தி கெட்டுப் போயி, ரெண்டு தட்டு தட்டிட்டேன் சோபி...

— இல்லீங்க.

— என்ன இல்ல?

— டயரைத் தட்டுனீங்க. என்னை அடிச்சீங்க. ரெண்டுக்கும் ஒரே சொல்லை வெக்காதீங்க.

— மாமா, அக்கா சொல்றது காதுல உழுந்துச்சுங்களா?

— உழுந்துச்சு ஜெர்ரி. அடிச்சேன். சோபியா, உன்னை நான் அடிச்சேன். தட்டல. அடிச்சேன்.

— போதுங்க.

— நாமக்கல்லுல வண்டியை நிறுத்தி இதை வாங்கிட்டு வந்தேன். இந்தக் கதையெல்லாம் தெரியாம வாங்கிட்டேன். பச்சை வளையலு. வேண்டாம்னா ஆத்துல போட்டுட்டுப் போறேன்.

— குடுங்க.

— போட்டுப் பாக்கறியா?

— ம். அளவு சரியா இருக்குதே. எப்புடிங்க தெரிஞ்சுது?

— என்ற கைக்கு உன்ற மணிக்கட்டு தெரியாதா சோபி?

— அக்கா, நல்லா யோசிச்சுக்க. நீ மாட்டேன்னா அவரைத் திருப்பி அனுப்ப நான் இருக்கறேன். இவருக்கு பயந்துக்கிட்டுப் போகாத.

— யோசிக்காம இத்தனை மாசம் இங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தேன் ஜெர்ரி? அவரு சொல்றது பொய்யில்ல. முகத்துலயே தெரியுது. பழக்கத்தை ஒரு மனுசன் மாத்திக்கிட்டு வந்து நிக்கறப்ப, நானும் ஒரு எட்டு வெக்கோணுமில்ல. ஏனுங்க, துணியெல்லாம் எடுத்து வெக்கறேன். கொஞ்சம் இருங்க.

— வாரயா? நெசமா வாரயா சோபி?

— வாரேங்க. ஆனா ஒரு நாள் கை ஓங்குனாக்கூடத் திரும்பி வந்துருவேன்.

— ஓங்க மாட்டேன். நீ மெதுவா எடுத்து வெய்யி சாமி. உன்னைப் பாக்கோணும்ங்கற அவசரத்துல இன்னைக்கு டயரைக்கூடத் தட்டாம ஓடியாந்துட்டேன். ஜோடி டயருல உள்ள இருக்கறது எறங்கிப் போயிருந்தாலும் பாத்தா வெளிய தெரியாது, தட்டுனாத்தான் தெரியும். உன்னை ஏத்திக்கிட்டுத் தட்டாம வண்டியை எடுக்கப்படாது. ஒரு சுத்து பாத்துட்டு வந்துர்றேன்.

— போங்க மாமா, போங்க. நானும் துணி மடிக்கறேன்... அக்கா, கேக்குதா? ணங்கு, ணங்குன்னு கோயில் மணியாட்டம் அடிக்கறாரு! மனுசன் உருப்பட்டுருவாரு போல இருக்குது. அந்தச் சேலையை இப்புடி வீசு, நான் மடிக்கறேன். அக்கா? அக்கா, எங்க போற? சமையக்கட்டுல என்ன வேலை? சோறு ஆக்கியாச்சே, எதுக்கு அரிசி டப்பாவைத் தொறக்கற?

— சோபி, டயரெல்லாம் கல்லாட்டம் இருக்குது. ஒண்ணுகூட எறங்கல. கெளம்பலாமா? அட, வளையலு எங்க? இப்பத்தான போட்டிருந்த?

— கழட்டுனது எனக்கே தெரியலீங்க. நீங்க தட்டுனது கேட்டுது.