பன்னிரண்டில் ஆறு

— அந்த ஸ்டூல்ல உக்காரு. மேல கிடக்கிற ரவிக்கையை மட்டும் ஓரமா வச்சுடு, ஊசி குத்தியிருக்கு.

— உக்கார நேரமில்லக்கா. லாஜிக்கா பாரு. நாம சேந்து வாங்கின கிரிப்டோ காசு இன்னைக்கு ஒன்பது மடங்கு. அது இருக்கிற வாலட்டைத் திறக்கப் பன்னண்டு ரகசியச் சொல் வேணும், ஒண்ணு குறைஞ்சாலும் யாராலயும் திறக்க முடியாது. ஆறு என்கிட்ட இருக்கு. உன்னோட ஆறைச் சொல்லு, ரெண்டு நிமிஷத்துல வித்துடலாம். ஆளுக்குப் பாதி. சிம்பிள்.

— சிம்பிள்தான். மூணு வருஷமா எட்டிப் பாக்காத தம்பி, நான் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடறதுக்குள்ள வந்து நிக்கிறான்.

— வேலை ஜாஸ்திக்கா.

— சரி ராசா. நூல்கண்டு அலமாரிக்குப் பக்கத்துல ஒண்ணு தொங்குதே, அதைப் படி.

— இதை இன்னுமா வச்சிருக்கே?

— நீயே லேமினேட் பண்ணி, நீயே ஆணி அடிச்சு மாட்டினது. கழட்ட மனசு வரலை. படி.

— "ஒண்ணு, பயந்துபோய் விக்கக் கூடாது. ரெண்டு, அவசரத்துக்கு விக்கக் கூடாது. மூணு, ஒருத்தர் பதட்டமா இருந்தா மத்தவர் தன்னோட ஆறு சொல்லைக் குடுக்கக் கூடாது." போதுமா?

— மூணாவதை ஏன் முழுங்கி முழுங்கிப் படிக்கிறே?

— காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல.

— உன் பொண்டாட்டி நேத்தே போன் பண்ணி அழுதுட்டா. கடன் வாங்கி வேற எதுலயோ போட்டியாம், அத்தனையும் போச்சாம். நாளைக்குப் பத்து மணிக்கு வீடு ஏலமாமே.

— தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைப் படிக்க வச்சியா?

— நானும் ஒரு நாள் உன் வீட்டு வாசல்ல இப்படித்தான் நின்னேன். மாமாவுக்கு விழித்திரை கிழிஞ்சுடுச்சு, ஒரு வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணலைன்னா அந்தக் கண் போயிடும்னு சொன்னாங்க. வந்த விலைக்கு வித்துக் குடுடான்னு உன்னோட ஆறைக் கேட்டேன்.

— அப்போ விலை பாதாளத்துல கிடந்துச்சுக்கா. வித்திருந்தா ரெண்டு பேருக்கும் நஷ்டம்.

— அன்னைக்கும் இதே வார்த்தைதான். "அழுதுக்கிட்டு விக்கிறவன் உருப்பட மாட்டான், பொறுமையா இரு"ன்னு அனுப்பி வச்சே. அங்க இங்க புரட்டிக்கிட்டு ஓடறதுக்குள்ள பன்னண்டு நாள் ஆயிடுச்சு. இருபது வருஷம் லாரி ஓட்டின மனுஷன். ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு லாரி ஓட்ட விட மாட்டோம்னுட்டாங்க. இப்போ திரைக்குப் பின்னால பட்டன் பிரிச்சுக்கிட்டு இருக்கார்.

— மாமா உள்ளயா இருக்கார்?

— இருக்கார். காது நல்லாவே கேக்கும்.

— தப்புதான்க்கா. உன் கால்ல விழறேன். வீட்டை மீட்கற அளவு மட்டும் எனக்கு, மிச்சம் பூராவும் நீயே எடுத்துக்க.

— எழுந்திரு. தரையெல்லாம் சாக்பீஸ் தூள், சட்டையில ஒட்டிக்கும்.

— நான் பதறினா சட்டம் பேசுவே. சரி, பாரு, பதறல. நிதானமா கேக்கறேன். குடுக்கா.

— அஞ்சு மடங்கு ஆனப்பவே வந்துடுவியோன்னு பயந்தேன். நல்லவேளை, வரலை. தினம் காலைல விலையைப் பாப்பேன். இன்னும் ஏறட்டும், இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

— நீயும் காத்துக்கிட்டுத்தான் இருந்தியா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா, உயிரே போயிடுச்சு எனக்கு. இந்தா, பேனா எடுத்துட்டேன். முதல் சொல் என்ன?

— தெரியாது. உன் மாமா கண்ணுல இனி வெளிச்சம் வராதுன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே என்னோட ஆறு சொல்லை எழுதி வச்சிருந்த சீட்டை அடுப்புல போட்டுட்டேன். நான் காத்துக்கிட்டு இருந்தது, நீ வந்து கேக்கறதுக்கு.