ஒரே சிதையில் எரிந்தவர்கள்

குப்புறப் படுத்திருக்கிறேன். மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே. வாய்க்குள் மண். பலாலி இராணுவ முகாம் பக்கம் ஒரு மொத்தல் சத்தம். டும். பிறகு அமைதி. பிறகு தலைக்கு மேலே சீலையைக் கிழிப்பதுபோல ஒரு சீறல். பனங்கூடலுக்குள் விழுகிறது. நிலம் வயிற்றில் உதைக்கிறது.

“தவம், எழும்பு! ஓடு!”

கத்துவது யோகன். என் கணவர். என் கையைப் பிடித்து இழுக்கிறார். ஓடுகிறோம்.

1995 ஆடி மாதம். சண்டிலிப்பாய். இராணுவம் வலிகாமத்துக்குள் இறங்கிய காலை. நாங்கள் இருவரும் நடராசா கமக்காரரின் தோட்டத்தில் கூலிக்குப் பழமிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தோம். தோட்டத்துக்கும் அவருடைய வீட்டுக்கும் இடையில் ஒரு பங்கர். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டது. அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் வெட்டியது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

“உள்ளுக்கை வாங்கோ! கெதியா வாங்கோ!”

அது பரமேஸ்வரி அம்மா. கமக்காரரின் மனைவி. பங்கர் வாசலில் தலை மட்டும் தெரிகிறது.

யோகன் வாசலில் நின்றுவிட்டார். அந்த நேரத்திலும். எங்கள் சாதி ஆட்கள் அந்த வளவில் மாட்டுக்கொட்டிலைத் தாண்டியதில்லை. தண்ணீர் கேட்டால் அம்மா வாளியைச் சரித்து ஊற்றுவா. நாங்கள் கைகளைக் குவித்துக் குடிப்போம். வாளியில் கை படக் கூடாது. யாரும் ஏசியதில்லை. ஏசவேண்டிய தேவை வந்ததில்லை. அவ்வளவு பழகியிருந்தோம்.

அம்மா எட்டி யோகனின் சேட்டைப் பிடித்து உள்ளே இழுத்தா.

உள்ளே இருட்டு. நாலு பேருக்கு இடமில்லை. முழங்காலோடு முழங்கால். என் முதுகில் யாருடைய நெஞ்சோ இடிக்கிறது. அடுத்த ஷெல் கிட்ட விழுந்தது. காது அடைத்தது. மேலிருந்து மண் கொட்டியது. யாரோ என் கையைப் பிடித்தார்கள். நானும் இறுக்கிப் பிடித்தேன். அது யாருடைய கை என்று தெரியவில்லை. தெரியவேண்டும் என்றும் தோன்றவில்லை.

அதைத்தான் நான் சொல்ல வந்தேன். வாசித்து அறிந்ததல்ல. கோயிலில் கேட்டதுமல்ல. ஒரு மூச்சு இழுக்கிறது, எல்லோருக்கும் சேர்த்து. ஒரு நடுக்கம் ஓடுகிறது, எல்லோருக்குள்ளாலும். கமக்காரர் தேவாரம் சொல்லத் தொடங்கினார். பாதியில் குரல் உடைந்தது. மிச்சத்தை நான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது. எந்த இடத்தில் அவர் விட்டார், எந்த இடத்தில் நான் எடுத்தேன் என்பது எங்களுக்கே தெரியாது. பயம் திடீரென்று போனது. சாமியைக் கண்டேன் என்று நான் சொல்லமாட்டேன். நாலு பேர் இல்லை, ஒன்றுதான் இருக்கிறது என்று கண்டேன். வெளியே ஷெல் அடிக்கிறவனும் அந்த ஒன்றுக்குள்தான் என்று கண்டேன். அது என்னை ஆத்திரப்படுத்தியது. இப்போதும் ஆத்திரப்படுத்துகிறது. ஆனாலும் கண்டேன்.

அடுத்த ஷெல் வாசலை உடைத்தது.

வெளிச்சம் வந்தது. அம்மாவின் தொடையில் ஷெல் சிதறிய இரும்புச் சன்னம். இரத்தம் நிற்கவில்லை. என் சீலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினேன். சைக்கிள் மாட்டுக்கொட்டிலடியில் நின்றது. பெரியாஸ்பத்திரிக்கு எப்படியும் கொண்டுபோகலாம் என்றார் யோகன்.

“அம்மாவை இறுக்கிப் பிடி. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாறன்.”

அவர் கடைசியாகக் கதைத்தது அது.

டும். சீறல். கொட்டில் எரிகிறது. கமக்காரர் வெளியே ஓடினார். நான் “படுங்கோ ஐயா!” என்று கத்தினேன். அவர் படுக்கவில்லை. யோகனைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கை பட்ட வாளியைக் கழுவி வைக்கிற வீட்டு மனிதர். அவருடைய வெள்ளை வேட்டி முழுவதும் என் கணவரின் இரத்தம். யோகனுக்கு உயிர் இல்லை.

மத்தியானத்துக்கு முன் அம்மாவும் போய்விட்டா. என் மடியில். தண்ணீர் கேட்டா. கிணற்றடிக்கு ஓடி நானே வாளியில் அள்ளி வந்தேன். கமக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு மிடறு குடித்தா.

ஊர் கிளம்பிக்கொண்டிருந்தது. ரோட்டில் சைக்கிள்களும் வண்டில்களும். எங்கள் ஆட்களின் சுடலை ஒரு பக்கம். அவர்களின் சுடலை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் போக வழியில்லை. கமக்காரர் பங்கரின் பனங்குற்றிகளைக் கழற்றினார். நான் பிடித்துக் கொடுத்தேன். மிளகாய்த் தோட்டத்து வரம்பில் அடுக்கினோம். ஒரு சிதைக்குத்தான் விறகு போதுமாயிருந்தது. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினோம். கொள்ளி வைத்துவிட்டு ஓடினோம்.

சத்தம் ஓய்ந்ததும் திரும்பி வந்தோம். சாம்பல் ஒரே குவியல். நான் குந்தியிருந்து எலும்புகளைப் பார்த்தேன். எது யோகன், எது அம்மா என்று தேடினேன்.

“விடு பிள்ளை,” என்றார் கமக்காரர். “பிரிக்க ஏலாது. பிரிக்கவும் வேண்டாம்.”

ஒரு மண்முட்டியில் அள்ளினோம். வழக்கமாகச் சாம்பல் கரைக்கிற கீரிமலைப் பக்கம் இராணுவம். கொழும்புத்துறைக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைத்தோம். அவர் ஒரு பிடி, நான் ஒரு பிடி.

அதன்பிறகு அவர் மாறினார். பேச்சில் அல்ல, நடப்பில். அவருடைய கிணற்றில் நான் அள்ளினேன். அவர் என் வீட்டில் சோறு சாப்பிட்டார். அவருடைய சொந்தக்காரர் அவர் வீட்டில் கை நனைப்பதை நிறுத்தினார்கள். அவருக்கு அதில் கவலை இருக்கவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் இருவருக்கும் ஒன்றாகப் படைத்தோம். ஒரே இலையில். சண்டை முடிந்த பிறகும் அப்படித்தான்.

இந்த வருடம் பங்குனியில் அவர் படுக்கையில் விழுந்தார். அவருடைய பெறாமகன், அண்ணன் மகன் ரமணன், வெளிநாட்டிலிருந்து போன் எடுப்பான். ஒருநாள் நான் பக்கத்தில் இருக்கும்போதே அவனிடம் சொன்னார். தான் செத்தால் தன் வாய்க்கு முதல் அரிசியைத் தவமணி, நான், போடவேண்டும் என்று. ரமணன் ஓம் சித்தப்பா என்றான். எனக்கும் கேட்டது.

பிறகு அவரும் போனார். செத்தவீடு. பந்தல். ஐயர் வந்தார். ரமணனும் வந்திருந்தான். எங்கள் ஆட்களுக்கு வாசல் படலைக்கு வெளியே கதிரை. தேத்தண்ணீர் எங்களுக்கு மட்டும் கடதாசிக் கப்பில். உள்ளே கண்ணாடிக் கிளாஸ். நான் கதிரையில் இருக்கவில்லை. கையில் அரிசியோடு சவப்பெட்டியடிக்குப் போனேன்.

“அக்கா, கொஞ்சம் உதிலை நில்லுங்கோ,” என்றான் ரமணன். “சொந்தக்காறர் முடியட்டும்.”

நின்றேன். ஒவ்வொருவராகப் போட்டார்கள். வருடக்கணக்காக அந்த வீட்டு வாசல் மிதிக்காதவர்கள். என் கைக்குள் அரிசி வியர்வையில் ஒட்டியது. எல்லோரும் முடிந்தார்கள். ஒரு பெரியவர் பெட்டியை மூடச் சொன்னார்.

“ஐயா என்னைத்தானே முதல் போடச் சொன்னவர்,” என்றேன்.

ரமணன் என்னை ஒரு பக்கம் கூட்டிப்போனான். குரலைத் தாழ்த்தினான்.

“எனக்குத் தெரியும் அக்கா. ஊர் ஆக்கள் நிக்கினம். என்ரை நிலைமையையும் விளங்கிக்கொள்ளுங்கோ.”

“உங்கடை சித்தியும் என்ரை மனுசனும் ஒரே விறகிலை எரிஞ்சவை,” என்றேன். “அண்டைக்கு எந்த ஊர் ஆக்கள் நிண்டவை?”

அவனுக்குப் பின்னால் பெட்டியை மூடினார்கள். ஆணி அறைகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் அழவில்லை. பிறகு அரிசியை மூடிமேல் போட்டேன். அது அவருடைய வாய்க்குப் போகவில்லை. மரத்தில் பட்டுச் சிதறியது. ஒருவரும் தடுக்கவில்லை. ஒருவரும் என்னைப் பார்க்கவுமில்லை.

அவர்களுடைய சுடலைக்குத்தான் கொண்டுபோனார்கள். இப்போது அதைச் சுற்றி மதில்.

எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தை முழுதாக வைத்திருக்க முடியவில்லை, அதுதான் கொடுமை. பங்கருக்குள் கண்டது பொய்யில்லை என்றால் ரமணனும் நானும் ஒன்றுதான். மூடச் சொன்ன பெரியவரும் நானும் ஒன்றுதான். அதை நான் விடப்போவதில்லை. ஆனால் ஒருவர் மட்டும் கண்டுகொண்டிருந்தால் என்ன பிரயோசனம்? மற்றவர் மதில் கட்டிக்கொண்டே இருக்கிறார். அந்த இருட்டுக்குள் எங்களைச் சேர்த்து வைக்க ஷெல் தேவைப்பட்டது. ஷெல் நின்றதும் எல்லாம் பழையபடி.

இழப்புக் கணக்குக் கேட்டு வந்தீர்கள், எழுதி வையுங்கள். இழந்தவை இவை.

என் கணவர் யோகன். பரமேஸ்வரி அம்மா. அம்மாவின் பசுக்கள், கொட்டிலோடு எரிந்தன. ஒரு சைக்கிள். முற்றிப் பழுத்து நின்ற மிளகாய்த் தோட்டம். இவ்வளவையும் ஷெல் கொண்டுபோனது.

நடராசா கமக்காரர். அவரை வயது கொண்டுபோனது.

அன்று அந்தப் பங்கருக்குள் இருந்தது நாலு பேர். அங்கே கண்டதை இப்போது அறிந்தவள் நான் ஒருத்தி. அந்த ஒன்றை ஷெல் கொண்டுபோகவில்லை. நாங்களே மதிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.