சூடு என்று சொன்னவருக்கு

நரம்பின் நுட்பம் நாடி நாளெல்லாம் நுண்ணோக்கியின் முன் நோற்றவரே, நரம்பு ஆய்வகத்தின் தலைவியாய் இருபத்தொன்பது ஆண்டுகள் எங்களை நடத்திய அம்மையீர், வணக்கம்.

வெட்டுண்ட நரம்பு காந்தப்புலத்தில் விரைந்து வளர்கிறது என்று எலிகளிடம் கண்டு தாங்கள் எழுதிய கட்டுரையால்தான் வெளியுலகம் எங்களை அறிந்தது. கால் வராத பிள்ளையைத் தோளில் சுமந்தபடி தகப்பன்மார் வாசலில் வந்து நின்றார்கள். விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்ட தங்கள் தங்கையும் அந்தக் கட்டுரையைத் தலையணைக்கடியில் வைத்திருந்தார்.

சென்ற ஆண்டு, எலிக்கூண்டைச் சுற்றியிருந்த காந்தச் சுருளைச் சரிபார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் கூண்டுக்குள் கையை விட்டு, "மேடம், இந்தக் கூண்டு மட்டும் கதகதன்னு இருக்கே" என்றார். போகிறபோக்கில் சொன்னதைத் தாங்கள் போகவிடவில்லை. வெப்பமானி வைத்தீர்கள், சுருளில்லாத கூண்டைவிட மூன்று டிகிரி கூடுதல். சுருளைத் தண்ணீரால் குளிர்வித்து அத்தனை சோதனையையும் முதலிலிருந்து செய்தீர்கள். இரு கூண்டிலும் நரம்பு ஒன்றுபோலவே வளர்ந்தது. ஒன்பது ஆண்டுகளாகக் காந்தத்தின் பேரில் நாம் எழுதியதெல்லாம் சூடு செய்த வேலை.

"யாரும் கேக்கலயே மேடம், அப்படியே விட்டுடலாம்" என்று கெஞ்சினோம்.

"நான் கேட்டுட்டேனே" என்றீர்கள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றீர்கள். ஆய்வு நிதி நின்றதால் பதினாறு பேரில் ஒன்பது பேர் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மிஞ்சிய நாங்கள் மூன்று மாதம் தங்களோடு ஒரு வாய் டீ குடிக்கவில்லை. அது எங்கள் சிறுமை.

அறிவிப்பு வெளியான அன்று தங்களை வீட்டில் விட்ட ஓட்டுநர், பையைக் கொடுக்க வாசலில் நின்றபோது கண்டதையும் காதில் விழுந்ததையும் எங்களிடம் சொன்னார்.

"அப்போ காந்தம் இல்லையா அக்கா?" என்றாராம் தங்கை.

"இல்லம்மா. சூடுதான்."

"எனக்காகவாவது கொஞ்ச நாள் சொல்லாம இருந்திருக்கலாம்."

தாங்கள் அவர் போர்வையைச் சரிசெய்தீர்களாம்.

"சரி. என்னை அந்தப் பக்கமா திருப்பிப் படுக்க வை."

திருப்பிவிட்டீர்களாம்.

அம்மையீர், நோயின்றி நெடுநாள் வாழத் தங்களுக்கு எங்கள் வேண்டுதல்; தங்கைக்கும் அதுவே. அந்தக் கட்டுரையில் எங்கள் பெயர்களும் இருந்தன. அதைத் திரும்பப் பெறும் அறிவிப்பில் கையெழுத்திட மறுத்தோம்; தாங்கள் தனியே இட்டீர்கள். இன்று காலை எழுவரும் அதில் ஒப்பமிட்டு அனுப்பிவிட்டோம். மிகவும் தாமதம் என்பது தெரியும்.

தலைதாழ்ந்து,
ஆய்வகத்தில் மிஞ்சியிருக்கும் எழுவர்