வால்நட் கிண்ணம்

மரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். அது பிழை. மரத்தைத் தட்டிக் கேட்க வேண்டும். ஈரம் இருந்தால் சத்தம் சளி பிடித்தவனின் இருமல் மாதிரி அமுங்கிப் போகும். நன்றாகக் காய்ந்த மரம் பதில் சொல்லும். இதை அப்படியே சார்ஜன்டுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், கிறிஸ்ரினா. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். தேவையில்லாத கதை என்று நினைக்கிறார் போலிருக்கிறது. தேவையான கதையே இதுதான்.

என் பெயர் நீக்கிலாப்பிள்ளை. ஸ்காபரோவில், மாடிப்படிக் கைபிடிகளுக்குத் தூண் கடைகிற தொழிற்சாலையில் வேலை. மல்வேர்னில் நானும் என் தங்கை யூஜினியும் அவளுடைய புருசன் சீமோனும் ஒரே வீட்டில் இருந்தோம். சீமோன் மே மாதம் காட்டில் துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்தான். இன்று காலை யூஜினி தனியாக பஸ் ஏறி இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, தன் புருசனைக் கொன்றது தான்தான் என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த அறையில் வைத்திருக்கிறீர்கள். அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் வந்தேன். பருப்பு அவியமுதல் நாலு தரம் மூடியைத் திறந்து பார்க்கிறவள் அவள். அவளுக்கு இந்த வேலைக்குப் பொறுமை ஏது?

சார்ஜன்டுக்கு வான்கோழி வேட்டை தெரியாதென்றால் சுருக்கமாகச் சொல்கிறேன். வசந்தத்தில் சேவல் பெட்டையைத் தேடி அலையும். நாங்கள் மரத்தடியில் முதுகைச் சாய்த்து அசையாமல் இருந்து பெட்டையின் குரலை எழுப்ப வேண்டும். அதற்கு உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மரக் கிண்ணம், அதன் வாயில் ஒட்டிய ஒரு சிலேட் வட்டம், உரச ஒரு குச்சி. தொழிற்சாலையில் கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர்தான் பழக்கினார். கிண்ணத்தை நானே கடைவேன். முதல் வருசம் பைன் மரத்தில் கடைந்தேன். தகரத்தில் நகம் கீறுகிற மாதிரி ஒரு குரல். ஆனாலும் சேவல் வந்தது. காதல் பித்துப் பிடித்த சேவலுக்கு அதுவே போதும்.

வேட்டைக்கு அனுமதி என்னிடம் மட்டும்தான். வகுப்புக்குப் போய்ப் பாதுகாப்பு விதிகள் படித்தவனும் நான்தான். சீமோன் குரல் கொடுக்க மட்டும் வந்தான். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவன், காது நல்ல காது, மணிக்கட்டு இன்னும் நல்லது. அதை நான் மறைக்கவில்லை. இரண்டாம் வருசம் மேப்பிளில் ஒன்று கடைந்து கொடுத்தேன். ஒரு நாள் அவன் உரசிக்கொண்டிருக்க, வேறொரு வேட்டைக்காரன் அவனைப் பெட்டை என்று நினைத்துத் துப்பாக்கியோடு தவழ்ந்து வந்துவிட்டான். கிட்ட வந்து ஆளைக் கண்டு, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்றிரவு சீமோன் இதைச் சாப்பாட்டு மேசையில் நடித்துக் காட்டினான். யூஜினி சிரிக்கவில்லை.

"ஐயோ, உந்த விளையாட்டு வேண்டாம். இனிப் போகாதேங்கோ."

"சும்மா இரும். அந்த மனிசன் என்னைப் பார்த்து, நீ பறவையை விடத் திறம் எண்டவன்."

நானும் சிரித்தேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை.

அந்த ஆவணி மாதம்தான் அவன் விட்பிக் கதையை எடுத்தான். நான் சோற்றில் கை வைத்திருந்தேன்.

"மச்சான், விட்பியிலை புது வீடு கட்டுறாங்கள். வாற வருசம் போறம். மூண்டு அறை. ஒண்டு எங்களுக்கு, ஒண்டு பிறக்கிற பிள்ளைக்கு, மற்றது சாமான் வைக்க. உங்களுக்கு இஞ்சை கிட்டடியிலை ஒரு நல்ல பேஸ்மென்ற் வாடகைக்குப் பார்ப்பம், என்ன?"

சாமானுக்கு அறை இருந்தது. எனக்கு இல்லை. யூஜினியை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவன் நான், அவளுக்காகக் கலியாணம் கட்டாமல் இருந்தவன் நான். அவனும் என் வீட்டுக்கு ஒரு சூட்கேசோடு வந்தவன்தான். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அவன் சொல்லி முடித்ததும் யூஜினி தலையைக் குனிந்து சிரித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை சிரிக்கிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லது, சந்தோசம் என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் விட்டுச் சாப்பிட்டேன்.

அந்த மாரிக் குளிரில்தான் மரம் தேடத் தொடங்கினேன். சார்ஜன்ட் இதை எழுதினால் நல்லது. பறவையை ஏமாற்ற நல்ல மரம் தேவையில்லை. காட்டிலேயே கிழடாகிப்போன வேட்டைக்காரனுக்குக் காது வேறு. அவன் பைனையும் மேப்பிளையும் கேட்டதும் யாரோ உரசுகிறான் என்று பிடித்துவிடுவான். பெட்டையின் குரல் தெளிவாகத் தொடங்கி முடிவில் கரகரக்கும். அந்தக் கரகரப்புக்கு மரம் வேண்டும்.

கிழக்கே, மரம் அறுத்து விற்கிற ஒரு மரக்காலைக்குச் சனிக்கிழமைகளில் போனேன். பின்பக்கம் வெட்டுத்துண்டுகளைப் பெட்டி பெட்டியாகக் குவித்திருப்பார்கள். செரி மரம் பார்த்தேன், மென்மை கூடிவிட்டது. சூளையில் காயவைத்த வால்நட்டில் உயிர் இல்லை. காற்றில், வருசக்கணக்காகத் தானாகக் காய்ந்த வால்நட் வேண்டியிருந்தது. கடைசியில் சீமோனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் காது என் காதை விட நல்லது என்று முன்னமே சொன்னேனே.

அவன் முழங்காலில் நின்று ஒவ்வொரு துண்டாகத் தட்டினான். குளிரில் மூக்குச் சிவந்துவிட்டது. கடைசியில் ஒரு ஓரம் வெடித்த துண்டை எடுத்துக் காதில் வைத்தான்.

"மச்சான், இஞ்சை வாங்கோ. உது கதைக்குது."

"வடிவாத் தட்டிப் பாரும்."

"ஓம் மச்சான். உதுதான். வேறை ஒண்டும் வேண்டாம்."

அவனே தெரிவு செய்தான். நான் வற்புறுத்தவில்லை. அதை அவனே காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

கிண்ணத்தின் சுவரை மெல்லிசாகக் கடைந்தேன். இரண்டு தரம் அடிப்பக்கம் ஓட்டையாகிவிடும் போல வந்தது, தப்பியது. பங்குனியில் சீமோன் குசினியில் உட்கார்ந்து உரசியபோது யூஜினி கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு மறுபடி பயம் பிடித்தது. போன வருசக் கதையை எடுத்து அழத் தொடங்கினாள். நான்தான் சமாதானம் சொன்னேன்.

"ஏன் அழுறாய்? பளிச்செண்டு ஒரு சிவப்புத் தொப்பி பின்னிக் குடு. தூரத்திலையே ஆளெண்டு தெரியும்."

அவள் அதற்கு முதல் பச்சை நூலில் ஒன்று தொடங்கியிருந்தாள். அதை அவிழ்க்கச் செய்து, சிவப்பு நூல் வாங்கி வந்து கொடுத்தேன். வெள்ளைக் கரை அவளுடைய யோசனை, அழகுக்கு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வகுப்பில் முதல் சொல்லித் தந்தது அதுதான்: சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமும், அந்த நிறங்களில் கைக்குட்டை கூடக் கொண்டுபோகாதே. மான் வேட்டையில் பளிச்சென்ற நிறம் ஆளைக் காப்பாற்றும். வான்கோழிக் காட்டில் அதே நிறம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். இது அவளுக்கு எப்படித் தெரியும்? சீமோனுக்கும் தெரியாது. ஆள் அரவம் கேட்டால் கத்தாதே, கையைக் காட்டாதே, தலையை மட்டும் மெல்லத் திருப்பிப் பார் என்றும் அவனுக்குச் சொல்லிவைத்தேன்.

மே மாதத்துச் சனிக்கிழமை, ஆட்கள் கூடுகிற பொதுக்காடு. அவனை ஒரு பெரிய ஓக் மரத்தடியில் இருத்திவிட்டு நான் மேட்டில் தள்ளி இருந்தேன். அவன் உரசத் தொடங்கினான். எத்தனை கிண்ணம் கடைந்திருப்பேன், அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு வயதான மனிதர் பள்ளத்தில் இருந்து துப்பாக்கியோடு தவழ்ந்து வருவது தெரிந்தது. எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு பற்றைச் செடி கூட இல்லை. ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். போடவில்லை. கத்தினால் கிண்ணத்தின் சத்தம் குழம்பிவிடும் என்றுதான் அப்போது நினைத்தேன். சீமோனுக்குச் சருகுச் சத்தம் கேட்டது. சொல்லிக்கொடுத்தபடி தலையை மெல்லத் திருப்பினான்.

அந்த மனிதர் பாவம். முழங்காலில் விழுந்து குழந்தை மாதிரி அழுதார். நான்தான் தோளைப் பிடித்து, இது விபத்து என்று ஆறுதல் சொன்னேன். நீங்களும் விபத்து என்றுதான் முடித்தீர்கள். ஆனால் உங்கள் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து, தொப்பியின் நிறத்தால்தான் நடந்தது என்று யூஜினிக்கு விளக்கிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். குற்றம் சுமக்கிறவள் எங்கும் போகமாட்டாள். விட்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேரத்துக்குச் சமைத்தாள், மேசையில் எனக்கு எதிரே இருந்தாள். பழையபடி வந்துவிட்டோம்.

ஏன் நிறுத்திவிட்டீர்கள், கிறிஸ்ரினா?

"அங்கிள், யூஜினி அன்ரி அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலை நிண்டு கேட்டுக்கொண்டிருக்கிறா."

நல்லதாகப் போயிற்று. திரும்ப ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. தொப்பியில் பிழை இல்லை என்று இப்போது அவளுக்குத் தெரியும், எவ்வளவு பெரிய ஆறுதல். அவளை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள், நான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் வருகிறேன். போனதும் உலை வைக்கச் சொல்லுங்கள், எனக்கும் சேர்த்து.