மாமனார் தோளுக்கு இதமான தோட்டா

ஷெரீஃப் ஆபீஸ் காப்பின்னா கழுநீர் மாதிரி இருக்கும்னு நெனச்சேன் சார். பரவாயில்லை, நல்லாவே இருக்கு.

தோட்டா நான் கையால செஞ்சதுதான். என் மாமனார் ஆர்விட் தோள்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர். கடைத் தோட்டா போட்டா துப்பாக்கி எட்டி உதைக்குதுன்னு மான் வேட்டையையே விட்டுட்டார். வேட்டைக்கே போகாதவருக்குக் காடு எதுக்குன்னு மச்சான் கர்ட் அவரைக் கரைச்சு, காட்டை விக்கச் சம்மதம் வாங்கிட்டான். மான் வேட்டைக்கு உக்கார நான் பரண் பரணா கட்டி வச்ச காடு சார். வயிறு எரிஞ்சுது.

சரி, மாமாவைத் திரும்ப வேட்டைக்கு இழுத்தா மனசு மாறுவார்னு கோடை பூரா கேரேஜ்ல உக்காந்தேன். வெடிமருந்தைத் துளி கூட்டி, துளி குறைச்சு, அட்டையில சுட்டுச் சுட்டுப் பார்த்தேன். கடைசியில ஒண்ணு அமைஞ்சுது பாருங்க, அவ்வளவு இதம். நூறு கெஜத்துல விழுந்த ஓட்டையெல்லாம் ஒரு கால் டாலர் காசால மூடிடலாம்.

மாமா சுட்டுட்டு, "என்ன மாப்ளே, இது துப்பாக்கியா, தலையணையா?"ன்னு சிரிச்சார்.

கர்ட்தான் குதிச்சான். "அப்பாவுக்குக் கண்ணுல புரை. மானுக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் தெரியாது. அவர் கையில துப்பாக்கியைக் குடுக்கறியே, உனக்கு அறிவிருக்கா?"

நியாயமான கேள்வி. அதுவரைக்கும் எனக்கு அந்த யோசனையே வரலை.

மாமா வேட்டைக்கு வரேன்னார். ஆனா காட்டை விக்கறது விக்கறதுதான்னுட்டார். பிள்ளை பேச்சைத் தட்ட மாட்டாராம். இவ்வளவு நல்ல தோட்டா வீணாப் போகலாமா?

வேட்டை சீசன் முதல் நாள் காலையில, மான்னு நெனச்சு யாரும் சுட்டுடாம இருக்கப் போட்டுக்கற தன் ஆரஞ்சுச் சட்டையை கர்ட் தேடு தேடுன்னு தேடினான். அது என் வண்டி சீட்டுக்கு அடியில இருந்துச்சு. நேரமாச்சுன்னு பழுப்புக் கோட்டோடயே கிளம்பிட்டான். ஓடைக்கரைப் பரணுக்குப் போறேன்னு என்கிட்டதான் சொன்னான்.

மாமாவை நான் எதிர்க்கரையில உக்கார வச்சேன். முழங்கால் மேல கம்பளி போத்திவிட்டேன். "அந்தப் பக்கம் நம்மாளு யாரும் இல்லை மாமா. பழுப்பா ஏதாவது அசைஞ்சா தைரியமா சுடுங்க"ன்னேன்.

ஒரே குண்டுதான் சார். அவ்வளவு துல்லியம்.

விசையை நான் தொடவே இல்லை, அதையும் எழுதிக்குங்க. அந்த மனுஷனுக்கு நான் நல்லதைத் தவிர வேற நெனச்சதில்லை. வேணும்னா அவரையே கேளுங்க. அழுகை அடங்கினதும் சொல்வார், தோள் கொஞ்சம்கூட வலிக்கலைன்னு.