கேய்லாவின் தோலில் சாம்பல் இல்லை

புகை சூழ்ந்த இந்தப் பொழுதிலும் பொறுமை குன்றாமல் அவைக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய ஐயா அர்னுல்ஃபோ லுக்குமி அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! காலையில் வெளுத்த துணியில் மாலையில் கரி விழக் கண்டு, மறுபடியும் வெளுக்கும் மாதரசிகளே! கரும்பு வெட்டிக் களைத்து வந்திருக்கும் என் சோதரர்களே! சுகாதார நிலையத்து நர்ஸ், உங்கள் யோலிமா கராபலி நான், உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என் தங்கை மார்லெனியை அறியாதவர் உண்டா? அதோ, மகள் கேய்லாவை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கிறாள். சர்க்கரை ஆலைக்காரர்கள் வெட்டுக்கு முன் காய்ந்த சோகையை எரிக்கக் கரும்பு வயலுக்குத் தீ வைக்கத் தொடங்கியதும் அந்தக் குழந்தையின் முழங்கை மடிப்பில் சாம்பல் நிறம் படர்ந்தது. கறுத்த நம் மேனியில் வெளிறிய திட்டைக் கண்டால் நாம் என்ன சொல்வோம்? சாம்பல் என்போம்! வானமே சாம்பல் பொழியும் ஊரில் வேறென்ன சொல்லத் தோன்றும்?

"ஏய், நில்லுடி! சாம்பலோட ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போனா ஊரு என்னைத்தான் சிரிக்கும்!" என்று மார்லெனி பீர்க்கங்கூட்டை எடுத்தாள். துணி துவைக்கும் நீலச் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருந்தாளா? "இன்னும் அழுத்தித் தேய்டி! பாதி வயலு அவ கையிலதான் கெடக்கு!" என்றாள். சிரிக்கிறீர்களே, உங்கள் வீட்டில் பீர்க்கங்கூடு இல்லையா? தேய்க்கத் தேய்க்கத் திட்டு பெருகியது; தோல் வெடித்தது; ரத்தம் கசிந்தது. குழந்தை கேட்டாள்: "அம்மா, நான் அழுக்கா?"

என் நெஞ்சு பொறுக்கவில்லை, நண்பர்களே! வெள்ளைத் துணியை நனைத்து, அந்தக் கையில் வெடிக்காத திட்டை மெல்ல ஒற்றினேன். துணி வெள்ளையாகவே வந்தது. "சாம்பல் எங்கடி? காட்டு!" என்றேன். மார்லெனி பீர்க்கங்கூட்டைக் கீழே வைத்தாள். அது சாம்பல் அல்ல, வறண்டு உரிந்த தோல்!

தோல் ஒரு சுவர். உயிரணுக்கள் அதன் செங்கற்கள். இடையிலுள்ள கொழுப்பே சாந்து. புகையின் நுண்கரி அந்தச் சாந்தை அரிக்கிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. வெளியிலிருக்கும் தூசியும் மகரந்தமும் உள்ளே நுழைகின்றன. உடலின் காவல்படை பதறி எழுகிறது. அந்தப் போரைத்தான் சிவப்பென்றும் வீக்கமென்றும் அரிப்பென்றும் காண்கிறோம். அரித்துப்போன சுவரைப் பீர்க்கங்கூட்டால் சுரண்டினால் மிச்சச் சாந்தும் நிற்குமா?

வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, ஈரம் காயும் முன்னே களிம்பு. கேய்லா தேறினாள்! ஆடினாள்! பாடினாள்! நாங்கள் வென்றோம் என்றே நினைத்தேன். பிறகு பள்ளிக்கூடத்தை ஒட்டிய வயலுக்குத் தீ வைத்தார்கள். காற்று திரும்பியது, மாலைக்குள் அந்தக் கை மறுபடியும் சிவந்தது. களிம்பு எத்தனை நாள் தீயோடு போராடும்?

என்ன சொல்கிறீர்கள், எலாதியோ அண்ணா? உரக்கச் சொல்லுங்கள்! "எரிக்காம வெட்டுனா சோகை எங்க கையைக் கிழிச்சிடும், யோலிமா!" என்கிறீர்களா? கிழிக்கும், அண்ணா, மறுக்கவில்லை. ஆலை உங்களுக்குக் கையுறை தரட்டும். தலைவர் அவர்களே, அதையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்! ஆனால் நம் பிள்ளைகளின் தோலுக்கு உறை எந்தக் கடையில் விற்கிறது?

அன்னையரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. தேய்த்த கை அன்பின் கை. தீ வைத்த கை எது? அதைக் கேட்கவே வந்தேன்! வீடுகளுக்கும் பள்ளிக்கும் அருகே இனிக் கரும்பு எரியக் கூடாது. இதுதான் இன்றைய தீர்மானம்.

மார்லெனி, உன் மகளைத் தூக்கி நிறுத்து, எல்லோரும் பார்க்கட்டும். கேய்லா, என் கண்ணே, நீ கேட்டாயே, ஊரே பதில் சொல்லப் போகிறது. நீ அழுக்கில்லை! இவள் அழுக்கில்லை, தீர்மானம் சரி என்போர் கைகளை உயர்த்துங்கள்! இன்னும் உயரே! எலாதியோ அண்ணா, உங்கள் கையுமா? அந்தக் கிழிந்த கைக்கு என் முதல் நன்றி!

செவி தந்த அனைவருக்கும் நன்றி. வீட்டுக்குப் போனதும் பீர்க்கங்கூட்டைப் பாத்திரம் தேய்க்க வைத்துவிடுங்கள். வணக்கம்!